ஏழு மணிச் செய்தியும் ஒரு திருத்தமும்

ஏழு மணிச் செய்தியை வாசித்தவருக்கு, அதைப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகள் எல்லாம் கேட்டன. வீடுகள் என்றால் வீட்டுக்குள் இருந்த சத்தம் அத்தனையும்: குக்கர் விசில், குழந்தையின் அழுகை, எண்ணெய் விடாத மின்விசிறி, மருமகளைப் பற்றி மாமியார் முணுமுணுப்பது, மாமியாரைப் பற்றி எதுவும் சொல்லாமல் மருமகள் பாத்திரத்தை ஓங்கி வைப்பது. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்ததும் கேட்க ஆரம்பிக்கும். கடைசி வணக்கம் சொல்லி விளக்கு அணைந்ததும் நின்றுவிடும். இடைப்பட்ட நேரத்தில் ஊர் மொத்தமும் லென்ஸ் வழியாக வந்து அவர் காதில் உட்கார்ந்துகொள்ளும். அத்தனை இரைச்சலிலும் அவர் வாசிப்பில் தடுமாறியதில்லை. ஒரே ஒருமுறை, ஏதோ ஒரு வீட்டில் பால் பொங்கி வழிவதைக் கேட்டு, சாலை விபத்துச் செய்திக்கு நடுவே "அடுப்பை அணைங்கம்மா" என்று சொல்லிவிட்டார். அன்று ஊரில் அடுப்பு எரிந்த வீடுகள் எல்லாவற்றிலும் எழுந்து போய் அணைத்தார்கள்.

நிலையம் ஆரம்பித்தது ஒரு மெத்தைக் கடையின் மாடியில். முதலாளி அதற்கு முன்பு வீடு வீடாகக் கேபிள் ஒயர் இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். ஊரெல்லாம் என் ஒயர் ஓடும்போது அதில் ஊரைப் பற்றி ஒரு வார்த்தைகூட ஓடவில்லையே என்று ஒருநாள் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவரைக் கேமராவோடு சேர்த்து இழுத்து வந்தார். கீழே கடையில் மீந்த ஃபோம் துண்டுகளைச் சுவர், கூரை, கதவு என்று இடம் விடாமல் ஒட்டினார்கள். கேமராவைத் தாங்கும் முக்காலியை யாரும் கால் தடுக்கித் தள்ளிவிடக் கூடாது என்று தரையோடு சிமென்ட் வைத்துப் பூசினார்கள். அதனால் அந்த நிலையம் இருந்த காலம் முழுக்க ஒரே கோணம்தான்: ஒரு மேஜை, ஒரு மனிதர், பின்னால் நீலத் துணி. வாசிக்க ஆள் தேடியபோது, பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தவர் கிடைத்தார். ஊருக்குப் பழகிய குரல். தங்கையின் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு ஒன்றும் வைத்திருந்தார். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சீக்கிரமே யாருக்கும் நினைவில் இல்லாமல் போய், 'ஏழுமணி' என்பதே பெயராகிவிட்டது.

முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டபோது கேமராக்காரரின் வயிறுதான் பேசுகிறது என்று ஏழுமணி நினைத்தார். வயிறு "அந்தத் துண்டை எங்க வச்சே?" என்றெல்லாம் கேட்காது என்பது மறுநாள் புரிந்தது. வெளியூரிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து ஒயரையெல்லாம் தடவிப் பார்த்தார். சத்தம் இங்கிருந்து போகத்தான் முடியும், வர முடியாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். முதலாளியிடம் சொன்னபோது அவர் தலையைச் சொறிந்தார். "கேட்டா கேட்டுட்டுப் போகட்டும். வாசிக்கிறதை நிறுத்தாம இருந்தா சரி" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

செய்தி சேகரிக்க மோட்டார் சைக்கிளில் ஒரு நிருபர் அலைந்துகொண்டிருந்தார். பஞ்சர் ஒட்டுவதிலேயே பாதி நாள் போய்விடுகிறவர். அவருக்கு வேலை இல்லாமல் போனது இப்படித்தான்: ஒரு மாலை, ஒரு பெண் வெங்காயம் நறுக்கிக்கொண்டே திரையைப் பார்த்து, "உலகத்துக் கதையெல்லாம் படிக்கிறீங்க, எங்க தெருக் குழாயில தண்ணி வரலையே, அதைச் சொல்ல மாட்டீங்களா?" என்று அங்கலாய்த்தாள். மறுநாள் ஏழுமணி அதைச் சொன்னார். அவள் கத்தியைக் கீழே போட்டதும் அவருக்குக் கேட்டது. விஷயம் காட்டுத்தீயாகப் பரவி, ஊர்க்காரர்கள் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் ஏழு மணிக்குத் திரையைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். நேற்றைய செய்தியை அவர் வாசிக்கும்போதே நாளைய செய்தி வந்து சேர்ந்தது. விளக்கு அணைந்ததும் அவர் காதில் விழுந்ததையெல்லாம் ஒப்பிப்பார். செய்தி ஆசிரியை எழுதிக்கொள்வார். ஆசிரியை கறாரான பெண்மணி. ஒரு வீடு சொன்னால் அது வம்பு, இரண்டு வீடு சொன்னால்தான் செய்தி என்பது அவர் வைத்த சட்டம். அந்தச் சட்டத்தை முதலாளிக்காகக்கூட அவர் தளர்த்தியதில்லை. முதலாளியின் வீட்டிலேயே அனுமதி இல்லாமல் ஒரு மாடி எழும்பியிருக்கிறது என்று இரண்டு வீடு சொன்னபோது, அதுவும் வாசிக்கப்பட்டது. முதலாளி ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு அவரே தன் மகனின் பரீட்சை மதிப்பெண்ணைத் திரையைப் பார்த்து இரண்டு அறைகளில் நின்று சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை.

அவை நிலையத்தின் நல்ல வருஷங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் எரிந்தது. காணாமல் போன மாடு திரும்பி வந்தது. புருஷன் பெண்டாட்டி சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டு, இருவரும் ஒரே நேரத்தில் திரைக்கு முன்னால் கத்துவார்கள். ஏழுமணி ஒரு நொடி நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அடுத்த செய்திக்குப் போவார். எந்தக் கையால் சரிசெய்தார் என்பதை வைத்து அவர்களே தீர்ப்பு எழுதிக்கொள்வார்கள். ஊரில் அவரைத் தெரியாதவர் இல்லை. ஆனால் தெருவில் நடந்தால் எல்லோரும் கொஞ்சம் ஒதுங்கி நின்றார்கள். தங்கள் வீட்டுக் கூடத்து ரகசியமெல்லாம் தெரிந்த மனிதரிடம் எதிரில் நின்று என்ன பேசுவது? "நல்லா இருக்கீங்களா சார்" என்பதற்கு மேல் யாருக்கும் வாய் வரவில்லை.

அவருக்கென்று ஒரு வாடகை அறை இருந்தது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கோட்டுக்கு ஒரு ஆணி. பெற்றவர்கள் சீக்கிரமே போய்ச் சேர்ந்ததில், தங்கையை வளர்த்து ஆளாக்கியது அவர்தான். அவளைக் கரையேற்றிவிட்டுத் தனக்கொரு கல்யாணம் என்று நினைத்திருந்தார். நினைப்பிலேயே வயது போய்விட்டது. தங்கையைக் கட்டிக்கொண்டவர் அதே ஊரில் மருந்துக் கடை வைத்திருந்தார். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் எப்போதும் திறந்திருக்கும் ஒரு கதவு. ஏழுமணி "நேயர்களுக்கு வணக்கம்" என்றதும், ஊரின் அத்தனை இரைச்சலுக்கும் அடியில் "வணக்கம்ணா" என்று அவள் சொல்வது அவருக்குத் தனியாகக் கேட்கும். பிறகு புருஷனிடம், "சட்டைக் காலரைப் பாருங்க, கசங்கிப் போய்க் கிடக்கு. சொன்னா கேக்கவே மாட்டான்" என்பாள். மறுநாள் அவர் காலரைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வருவார். ஒரு நாளில் அவரோடு யாரேனும் உரிமையாகப் பேசியது என்றால் அது மட்டும்தான். ஏழு மணிக்கு அந்த ஒரு வணக்கத்தைக் கேட்பதற்காகவே மீதி நேரத்தை அவர் தள்ளிக்கொண்டிருந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

ஊரில் ஒரு இரட்டை டிவி வீடு இருந்தது. அப்பனுக்கும் மகனுக்கும் ஆகாது என்பதால் கீழே ஒரு டிவி, மாடியில் ஒரு டிவி. ஒரு மாலை அந்த வீட்டுக் குழந்தை காய்ச்சல் மருந்து குடித்த கையோடு வாந்தி எடுத்தது. குழந்தையின் தாத்தாவான அந்த அப்பன் மாடிப்படியில் நின்றுகொண்டு, "காலாவதியான மருந்தைத் தேதியை அழிச்சு விக்கிறான்டா அந்த மருந்துக் கடைக்காரன்!" என்று கத்தினார். மாடியில் மகன் தன் மனைவியிடம், "காலாவதி மருந்தாம், தேதியை அழிச்சு விக்கிறானாம்" என்றான். ஏழுமணியின் காதில் அது இரண்டு டிவியிலிருந்து, இரண்டு குரலில் விழுந்தது. இரண்டு வீடு என்று எண்ணிக்கொண்டார். ஒரே கூரைக்குக் கீழே பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு டிவி இருக்கும் என்று அந்த நிலையத்தில் யாருக்கும் தோன்றவில்லை. ஒப்பிக்கும்போது அந்த இடம் வந்ததும் அவர் கொஞ்சம் தயங்கினார். ஆசிரியை பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க தங்கச்சி வீட்டுக்காரர் கடையாச்சே சார். வேணும்னா ஒருநாள் பொறுத்து விசாரிச்சுட்டுப் போடலாம்" என்றார்.

"முதலாளி மாடி கட்டினதை விசாரிச்சுட்டா போட்டோம்? ரெண்டு வீடு சொல்லியிருக்கு. யார் கடையா இருந்தா என்ன?" என்றார் ஏழுமணி. அப்படிச் சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஊரையே கூண்டில் ஏற்றிய மனிதர் தன் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார் என்று யாரும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது என்று நினைத்தார். போய்த் தங்கையை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நடந்து போனால் மெத்தைக் கடையிலிருந்து மருந்துக் கடை ஒரு தெருதான். அவர் போகவில்லை.

மறுநாள் வழக்கம்போல "வணக்கம்ணா" என்றாள் தங்கை. தலைப்புச் செய்திகள் முடிந்து, குளத்துக் கரை உடைப்பு முடிந்து, மருந்துக் கடைச் செய்தி வந்தது. வாசிக்கும்போதே ஊர் அமைதியாகிக்கொண்டு வருவது அவருக்குக் கேட்டது. கரண்டிகள் நின்றன, குழந்தைகளை அதட்டினார்கள். அந்த அமைதியில் மாப்பிள்ளையின் குரல் துல்லியமாகக் கேட்டது. "நம்ம கடையையா சொல்றாரு?" அதற்குப் பிறகு தங்கை சொன்னாள், எதிரில் நிற்பவரைக் கேட்பதுபோல: "அண்ணா, நீயா?" உடனே அந்த வீடு அணைந்தது. இத்தனை நூறு வீடுகள் கேட்டுக்கொண்டிருக்க, ஒன்று குறைந்தது வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் வானிலையை வாசித்தார். வறண்ட வானிலை நிலவும் என்றார்.

அதிகாரிகள் வந்து கடையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். ஒரு மாத்திரைகூடக் காலாவதியாகி இருக்கவில்லை. குழந்தை அன்று மருந்துக்கு முன்னால் ஒரு புட்டி ஜாமை முழுசாகக் காலி செய்திருந்தது என்பதும் தெரிந்துபோனது. ஏழுமணி செருப்புகூடப் போடாமல் தங்கை வீட்டுக்கு ஓடினார். கதவைத் திறந்தவள், "வாங்க" என்றாள். பிறந்ததிலிருந்து அவரைப் போடா என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். வாங்க என்று சொன்னதில்லை. "உக்காருங்க. அவர் வெளிய போயிருக்காரு" என்று சொல்லி, வெளியாட்களுக்கு வைத்திருக்கும் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அலமாரியில் டிவி இருந்த இடம் தூசு இல்லாமல் சதுரமாகத் தெரிந்தது. இன்றைக்கே திருத்தம் வாசித்துவிடுகிறேன் என்றார் அவர். "வாசிங்க. நாங்க டிவியைக் கொடுத்துட்டோம், பார்க்க நேரம் இருக்கிறதில்லை" என்றாள். திட்டியிருந்தால் அவர் பிழைத்துப்போயிருப்பார். திட்டாததால் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார்.

அன்று மாலை வானிலைக்குப் பிறகு அவர் திருத்தம் வாசித்தார். மருந்துக் கடையொன்றில் காலாவதியான மருந்துகள் விற்கப்படுவதாக நமது நிலையம் வெளியிட்ட செய்தி முற்றிலும் தவறானது, அதனால் நேர்ந்த மனவேதனைக்கு வருந்துகிறோம் என்றார். மறுநாளும் அதையே வாசித்தார். அதற்கு மறுநாளும். ஒரு செய்தி சேர வேண்டிய வீட்டுக்குப் போய்ச் சேராதவரை அது வாசிக்கப்படவே இல்லை என்பது அவர் எண்ணம்; சேரவில்லை என்பது அவருக்குக் காதாலேயே தெரிந்தது. வாரங்கள் போயின, மாதங்கள் போயின, திருத்தம் போகவில்லை. "ஒரு தடவை சொன்னாத்தான் சார் அது திருத்தம். தினமும் சொன்னா விளம்பரம்" என்றார் ஆசிரியை. "இன்னும் போய்ச் சேரலையேம்மா" என்றார் ஏழுமணி. ஆசிரியை கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெரிய ஊரில் வேறு வேலை கிடைத்துப் போனார். போகும்போது இரண்டு வீடு சட்டத்தையும் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பின் நிலையம் முன்னெச்சரிக்கையாக, அரசு அலுவலகங்களிலிருந்து வரும் அறிவிப்புகளை மட்டும் வாசித்தது.

ஊரும் உஷாராகிவிட்டது. மாடிப்படியில் நின்று கத்தியது ஏழு மணிச் செய்தி ஆகும் என்றால், யார்தான் வாயைத் திறப்பார்கள்? ஏழு மணி ஆனதும் வீடுகளில் பேச்சு நின்றது. குழந்தைகளுக்கு விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்கள். கணவனும் மனைவியும் சண்டையைக்கூட ஜாடையில் போட்டார்கள். நாளடைவில் அது பழக்கமாகி, செய்தி முடிந்த பிறகும் பல வீடுகளில் பேச்சு திரும்ப வரவில்லை. பேசாத ஒரு ஊருக்கு, பேசாத தன் தங்கைக்காக, ஏழுமணி தினமும் திருத்தம் வாசித்தார். பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். இதெல்லாம் சில வருஷங்கள் நடந்தது.

ஒருநாள், புதுசாகக் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த ஒரு பெண், ஏழு மணிக்குப் பேசக் கூடாது என்பது தெரியாமல், "எந்த மருந்துக் கடை அத்தை? என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "அதுவா, காலாவதி மருந்து வித்தாங்களாம்" என்றாள் மாமியார், குரலைத் தாழ்த்தி. "இல்லை இல்லைன்னு தினமும் சொல்றாங்க. இல்லாததை எதுக்குத் தினமும் சொல்லணும்? நீ எதுக்கும் அந்தப் பக்கம் போகாதே, வேற கடையில வாங்கிக்கோ." ஏழுமணி அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தினார். மனவேதனைக்கு என்ற சொல்லோடு திருத்தம் நின்றது. அந்தச் செய்தியை ஊர் எப்போதோ மறந்திருக்கும், மறக்கவிடாமல் நாள்தோறும் தண்ணீர் ஊற்றி வளர்த்தது தான்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கேமராவுக்கு முன்னால் அவர் அழுததை ஊர் பார்த்தது. அதே வாரம், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிசுகிசுப்பு வந்தது: மருந்துக் கடைக்காரர் சாமானை லாரியில் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டாராம். எந்த ஊருக்கு என்று யாராவது சொல்வார்களா என்று மாதக்கணக்கில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். எந்த வீட்டுக்கும் தெரிந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் திருத்தம் வாசிக்கவில்லை. ஆனால் அது இருந்த இடம் காலியாக இருந்தது. வானிலை முடிந்ததும், திருத்தம் வாசிக்க ஆகும் நேரம்வரை வாயை மூடி, லென்ஸைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பிறகு வணக்கம் சொல்வார். கேமராக்காரர் கேள்வி கேட்கவில்லை. கல்யாண வீடுகளில் பெண்ணை அனுப்பிவைக்கும்போது அப்பன்மார்கள் முகத்தை எடுத்துப் பழகியவர், எதை நிறுத்தாமல் ஓடவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

பிறகு புதுச் சேனல்கள் வந்தன, டிஷ் வந்தது, எல்லார் கையிலும் ஃபோன் வந்தது. வீடுகள் ஒவ்வொன்றாக அணைவதை ஏழுமணி கேட்டார். சில வீடுகளில் டிவி ஓடும், அறையில் ஆள் இருக்கமாட்டார்கள். மின்விசிறி மட்டும் சுற்றும். பிறகு அதுவும் நிற்கும். மேற்குத் தெரு மொத்தமும் போனது. ஆற்றங்கரைத் தெருவில் ஒரு நோயாளியின் இருமல் மட்டும் நெடுநாள் துணை இருந்து, அதுவும் போனது. கடைசியில் ஒரு சலவைக் கடை மிஞ்சியது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைக்கும் சத்தத்துக்காகவே ஏழுமணி சீக்கிரம் வந்து உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் சலவைக் கடைக்காரரும் ஒரு ஃபோன் வாங்கிக்கொண்டார்.

அன்றைக்குச் சிவப்பு விளக்கு எரிந்தும் எதுவும் கேட்கவில்லை. ஃபோம் ஒட்டிய சுவர்கள் அவருடைய வணக்கத்தை வாங்கி விழுங்கிக்கொண்டன. அறையில் தனியாகப் படுத்திருந்த இரவுகளையெல்லாம் தனிமை என்று அதுவரை நினைத்திருந்தார். அது ஒன்றுமே இல்லை. ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி, கோட்டுப் போட்டுக்கொண்டு, ஒருவர்கூடக் கேட்காத இடத்தில் பேசிக்கொண்டிருப்பதுதான் தனிமை. மெத்தைக் கடை விளம்பரம் ஒன்று இருந்ததால் முதலாளியும் நிலையத்தை மூட மனமில்லாமல் வைத்திருந்தார். ஏழுமணி தினமும் வந்தார், வாசித்தார், வானிலைக்குப் பிறகு காத்திருந்தார், போனார்.

ஒருநாள் குடிநீர்க் குழாய்ப் பராமரிப்பு அறிவிப்புக்கு நடுவே, மெல்லிய ஒரு ரீங்காரம் கேட்டது. வயதாகிவிட்டது, காது இரைகிறது என்று நினைத்தார். பிறகு தெருவில் ஒரு ஆட்டோ போனது. யாரோ கதவைச் சாத்தினார்கள். அதற்குப் பிறகு மாப்பிள்ளையின் குரல்: "இந்தா, இங்க வந்து பாரேன்." நடந்தது இதுதான்: மருந்துக் கடைக்காரர் குடியேறிய ஊரில், அவர் கடையில் ஊசி மருந்துகளை வைக்கும் குளிர்பெட்டியின் கண்ணாடிக் கதவில், நீலத் துணிக்கு முன்னால் ஒரு மனிதர் உட்கார்ந்து செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். முதலாளியின் ஒயர் அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. தங்கை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வருவதும், நிற்பதும் ஏழுமணிக்குக் கேட்டது.

"தலை பூரா நரைச்சுப் போச்சே" என்றாள் அவள்.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "அந்த மருந்து பாட்டிலை நகத்தி வை. மூஞ்சியை மறைக்குது."

பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நகரும் சத்தம் வந்தது. கடையை இழந்து, ஊரை இழந்து, பெயர் கெட்டுப்போன மனிதர் சொன்ன வார்த்தை அது. ஏழுமணி குடிநீர்க் குழாயை வாசித்து முடித்தார், வானிலையை வாசித்து முடித்தார். காத்திருக்கும் இடம் வந்தது. இத்தனை வருஷம் கழித்துச் சேர வேண்டிய வீடு எதிரில் இருந்தது. அவர் எழுந்து நின்றார். கேமரா அசையாது என்பதால் திரையில் அவர் தலை தெரியாமல் போயிருக்கும், மறுபடி உட்கார்ந்தார். "மருந்துக் கடையொன்றில்..." என்று ஆரம்பித்தார்.

"அது வேணாம் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "மழை வருமா, அதைச் சொல்லுங்க. இங்க வெளியே துணி காயுது."

ஏழுமணி வானிலையைத் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். அது அவர் ஊர் வானிலைதான். இருந்தாலும் மழை வரலாம் என்று அவர் சொன்னதும், தங்கை ஓடிப் போய்த் துணியை எடுத்து வந்தாள்.

பிறகு ஒருமுறை, ஊர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஏழுமணி பஸ் ஏறி அங்கே போனார். தங்கை வாசலுக்கு வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். சாப்பாடு போட்டாள். அன்று ஏழு மணிக்கு மூன்று பேரும் கடையில் உட்கார்ந்து குளிர்பெட்டியைப் பார்த்தார்கள். அதில் ஊசி மருந்துகள் மட்டும் இருந்தன. நேரில் மூவருக்கும் பேச்சு வரவில்லை. நடுவில் போய்விட்ட வருஷங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தன. மறுநாள் காலை பஸ்ஸில் அவர் திரும்பினார். மாலை விளக்கு எரிந்ததும் தங்கை, "போய்ச் சேர்ந்துட்டியா? பஸ்ல சீட் கிடைச்சுதா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவர் அங்கே போகவில்லை, அவர்களும் வரச் சொல்லவில்லை.

முதலாளி காலமானதும் பிள்ளைகள் நிலையத்தை மூடினார்கள். மெத்தைக் கடை அந்த மாடியைக் கிடங்காக எடுத்துக்கொண்டது. முக்காலியைப் பெயர்க்க முடியாமல் அதைச் சுற்றியே மெத்தைகளை அடுக்கினார்கள். ஏழுமணி ஏழு மணிக்குத் தன் அறையில், ஆணியிலிருந்து கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்து வாசிக்கிறார். பக்கத்து அறைக்காரர் முதலில் சுவரைத் தட்டிப் பார்த்தார், இப்போது தட்டுவதில்லை. தங்கை இருக்கும் ஊரில், குளிர்பெட்டியின் நடுத்தட்டில் மருந்து வைப்பதை நிறுத்திவிட்டார்கள். ஏழு மணிக்குக் கடைக்கு வருகிறவர்கள் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கும். இருமல் மருந்துக்கு வந்த ஒருவர் ஒருநாள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யாரும்மா அது?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன்" என்றாள் தங்கை.

"இங்கதான் இருக்காரா?"

"ஏழு மணிக்கு வருவான்."

வந்தவர் தலையாட்டினார். வானிலை முடியும்வரை நின்றிருந்து, மருந்தை வாங்கிக்கொண்டு போனார்.